ரொபேர்ட் ரொரன்ஸ்: உறுதிக் கட்டுகளை விட்டுப் பதிவேட்டை நம்பச் சொன்னவர்

காணிக்கு உறுதி இருக்கிறதா என்பதுதான் எங்கள் ஊர்களில் வழமையாகக் கேட்கப்படும் கேள்வி. இடப்பெயர்வுகளின்போது உறுதியைத் தொலைத்தவர்களுக்கு அந்தக் கேள்வியே பெரும் சுமை. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் கேள்வியை மாற்றி அமைக்கிறது. அரச வரைபடத்தில் உங்கள் காணித்துண்டு எது, பதிவேட்டில் அதற்கு நேரே யாருடைய பெயர் உள்ளது என்று அது கேட்கிறது. 'பிம்சவிய' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்த திட்டத்தின் அடிப்படை இதுதான். இந்த முறையின் மூலவர் 140 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் அயர்லாந்துக்காரர்.

சுங்க அதிகாரி

ரொபேர்ட் ரிச்சர்ட் ரொரன்ஸ் 1814இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் பிறந்தார். தந்தை கேணல் ரொபேர்ட் ரொரன்ஸ் பொருளியலாளர். தென் அவுஸ்திரேலியாவில் குடியேற்றத்தை ஒழுங்குபடுத்திய ஆணைக்குழுவின் தலைவராக இருந்தவர். அடிலெய்ட் நகரின் ஊடாக ஓடும் ஆற்றுக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. மகன் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் படித்து, இலண்டன் துறைமுகத்தில் சுங்க வேலை பார்த்து, 1840இல் சுங்க வரி சேகரிப்பாளராக அடிலெய்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இலங்கையில் அதே 1840இல்தான் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது அந்தச் சட்டம். இரு குடியேற்ற நாடுகளிலும் காணி அன்றைய பெரும் பிரச்சினையாகவே இருந்தது.

ரொரன்ஸ் சட்டத்தரணி அல்லர். முன்கோபக்காரர் என்றும் கடமையில் கவனக்குறைவானவர் என்றும் அவர்மீது குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆனால் சுங்கத்தில் அவர் பார்த்த ஒரு விடயம் மனதில் பதிந்தது. கப்பலை விற்பது எளிது. கப்பல் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர் இருக்கும். விற்றால் பெயர் மாறும். பழைய கதை யாருக்கும் தேவையில்லை.

காணி அப்படியல்ல. ஆங்கிலச் சட்டப்படி ஒரு துண்டை வாங்க முன்னர் அதன் பழைய உறுதிகள் அனைத்தையும் சங்கிலிபோலத் தொடர்ந்து ஆராய வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் உரித்துச் சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஒவ்வொரு விற்பனையிலும் அதே ஆராய்ச்சி, அதே சட்டச் செலவு. புதிய குடியேற்றத்திலோ காணிகள் வேகமாகக் கைமாறின. உறுதிகள் தொலைந்தும் பழுதுபட்டும் கிடந்தன.

ஒரு மாத முதல்வர்

1857இல் ரொரன்ஸ் சட்டமன்ற உறுப்பினரானார். அந்த ஆண்டு செப்டெம்பரில் ஒரு மாதம் மட்டுமே தென் அவுஸ்திரேலியாவின் முதல்வராக இருந்தார். பதவி நிலைக்கவில்லை, அவர் கொண்டுவந்த மெய்யாதனச் சட்டம் நிலைத்தது. 1858 ஜனவரியில் அங்கீகாரம் பெற்று ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதை நடத்துவதற்காகவே அவர் சட்டமன்ற ஆசனத்தை விட்டுப் பதிவாளர் நாயகம் ஆனார்.

ஹம்பர்க்கிலிருந்து வந்த சட்ட அறிஞர் உல்ரிச் ஹுப்பே, ஜேர்மன் நகரங்களின் பதிவு முறை பற்றிய அறிவை இதற்கு வழங்கினார். சட்டத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதப் பொருள். பெயர் மட்டும் ரொரன்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. உறுதி எழுதி வருமானம் பெற்ற சட்டத்தரணிகள் பலர் எதிர்த்தார்கள். நீதியரசர் பெஞ்சமின் பூத்பி, ஆங்கிலச் சட்டத்துக்கு முரணானது என்று அதன் செல்லுபடியையே கேள்விக்குள்ளாக்கினார். அவருடைய தீர்ப்புகளால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க 1865இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

வரைபடம் ஏன் தேவைப்பட்டது

பதிவேடு மட்டும் போதாது. கப்பலுக்குப் பெயர் உண்டு, காணிக்கு இல்லை. எந்தத் துண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அளவிடப்பட்ட படமே காட்ட முடியும். ஆகவே ரொரன்ஸ் முறையின் உரித்துச் சான்றிதழ்களில் காணியின் சிறு வரைபடம் இடம்பெற்றது. காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்பவர், நில அளவையாளர் உறுதிப்படுத்திய படத்தைப் பதிவாளரிடம் வைப்பிலிட வேண்டியிருந்தது. பழைய காணியை முறைக்குள் கொண்டுவரும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். ஆட்சேபனை உள்ளவர் அதற்குரிய காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவின் தவறால் காணி இழந்தவருக்கு இழப்பீடு கொடுக்க ஒரு நிதியும் இருந்தது.

இங்கிலாந்து வேறு பாடம் படித்தது. அங்கு 1862இல் வந்த சட்டம் எல்லைகளைத் துல்லியமாக நிர்ணயிக்கும்படி கோரியது. அதற்கான அறிவித்தல்கள் அயலவர்களுக்குப் போனபோது, அதுவரை அமைதியாக இருந்த வேலிகளிலும் சண்டை மூண்டது. சட்டம் தோற்றது. 1875இல் பொதுவான எல்லையே போதும் என்று விட்டுவிட்டார்கள். வரைபடம் சண்டையைத் தீர்க்கும், தொடக்கியும் வைக்கும்.

படத்தில் இல்லாதவர்கள்

இந்த வாழ்க்கைக் கதையில் மறைக்கப்படும் பக்கமும் உண்டு. அடிலெய்ட் கௌர்ணா மக்களின் மண். ரொரன்ஸ் ஆற்றை அவர்கள் கர்ராவிர்ரா பர்ரி என்று அழைத்தார்கள். 1836இல் வெளியான அரச பத்திரம், பூர்வீகக் குடிகள் உண்மையில் வாழ்ந்து அனுபவிக்கும் நிலத்தின்மீது அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றிருந்தது. நில அளவையும் விற்பனையும் அதைக் கவனிக்கவில்லை. ரொரன்ஸின் பதிவேடு முடிக்குரிய கொடையிலிருந்தே தொடங்கியது. அதற்கு முந்தியவர்கள் அதில் இல்லை. பதிவேட்டை மாற்ற முடியாது என்ற வலிமை, உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. வெளியே விடப்பட்டவருக்கு மூடிய கதவு.

ரொரன்ஸ் பின்னர் இங்கிலாந்து திரும்பி 1868 முதல் 1874 வரை கேம்பிரிட்ஜ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1872இல் சேர் பட்டம் பெற்றார். 1884 ஓகஸ்ட் 31இல் காலமானார். அதற்குள் அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் அனைத்தும் நியூசிலாந்தும் அவருடைய முறையை ஏற்றிருந்தன.

எங்கள் வேலிகள்

வடக்கு உறுதிகளில் கிழக்கே இன்னாரின் காணி, மேற்கே ஒழுங்கை, இத்தனை பரப்பு என்றே எல்லை எழுதப்பட்டுள்ளது. அந்த இன்னார் இறந்திருக்கலாம், புலம்பெயர்ந்திருக்கலாம். கிளுவையும் பூவரசும் நின்ற வேலி இல்லாமல் போயிருக்கலாம். அத்தகைய இடத்தில் அளவிடப்பட்ட வரைபடம் உண்மையில் பெரிய உதவி.

ஆனால் ரொரன்ஸின் முறை ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: உரிமையாளர் ஊரில் இருக்கிறார், அறிவித்தலைப் பார்ப்பார், காலத்துக்குள் வந்து பேசுவார். இடம்பெயர்ந்த மக்களுக்கு அது பொருந்தாது. 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி வந்த வர்த்தமானி கடும் எதிர்ப்பைக் கிளப்பியதும், பின்னர் மீளப்பெறப்பட்டதும் இதனால்தான். அது வேறொரு சட்டத்தின் கீழ் வந்ததாயினும், பிரச்சினை ஒன்றே.

ஆகவே சில விடயங்களை மனதில் கொள்வது நல்லது. அளவையாளர் எல்லையைக் குறிப்பாரே தவிர உரிமையைத் தீர்மானிப்பதில்லை. அதை உரித்து விசாரணையே செய்யும். இரண்டுக்கும் ஆள் நேரில் நிற்க வேண்டும், அல்லது நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள சகோதரங்களின் பங்கையும் அப்போதே சொல்ல வேண்டும். வரைபடத்தில் பிழை கண்டால் எழுத்தில் ஆட்சேபித்து அதன் பிரதியை வைத்திருக்க வேண்டும். பழைய உறுதி, தோம்புப் பிரதி, அனுமதிப்பத்திரம் எதையும் எறிந்துவிடக் கூடாது. பதிவேடு ஒருமுறை மூடப்பட்டால் திறப்பது கடினம். ரொரன்ஸ் அதை அப்படித்தான் அமைத்தார்.