வண்டியில் வளர்ந்த பிள்ளைமை

தம் மக்களின் கெட்டித்தனத்தை ஊரறியச் செய்ய விரும்பாத தந்தையர் அரியர். பல ஆண்டுகளின் முன்னர் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராய் இருக்க நேர்ந்தது. கீழ்ப்பிரிவிற் பேசவந்த சிறுவன் ஒருவன் எல்லாரையும் வியக்கவைத்தான். பின்னர் ஐயம் எழுந்து பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்கப்பட்டபோதே அவன் வயதில் ஒன்றைத் தந்தையார் குறைத்தெழுதியிருந்தமை வெளிப்பட்டது. அவ்வொன்றைக் குறையாது விட்டிருப்பினும் அவன் வியக்கத்தக்க பிள்ளையே. தந்தையாரின் முகத்தை நான் மறந்துவிட்டேன். மைந்தனின் முகம் இன்றும் நினைவில் உண்டு.

மேனாட்டு இசைவல்லார் மோட்சார்ட்டின் வரலாற்றைப் பிற்காலத்திற் படித்தபோது அச்சிறுவனே என் கண்முன் வந்து நின்றான். மேனாட்டிசையின் நுணுக்கம் அறிந்தவனல்லேன். ஆகவே அவர் இயற்றிய இசையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பெற்றோரோடும் தமக்கையோடும் ஊர் ஊராக, நாடு நாடாக அவர் வண்டியிற் கழித்த பிள்ளைப்பருவத்தைப் பற்றியே எழுதுகின்றேன்.

வொல்ப்காங் மோட்சார்ட் 1756 ஆம் ஆண்டு தை மாதம் 27 ஆந் தேதி சால்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். இன்று அந்நகர் ஒசுத்திரியாவைச் சேர்ந்ததாயினும், அன்று அது பேராயர் ஒருவரால் ஆளப்பட்ட தனிச் சிற்றரசு. பவேரியா, ஒசுத்திரியா என்பன அதற்கு அயல்நாடுகள். தந்தையார் லியோப்போல்ட் அப்பேராயரின் அவையில் வயலின் வாசிப்பவர். மகன் பிறந்த அதே ஆண்டில் வயலின் பயிற்சி பற்றி அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவிற் பெயர்பெற்றது. தாயார் ஆன்னா மரியா பெற்ற பிள்ளைகள் எழுவர். எஞ்சியோர் இருவரே. மூத்தவள் மரியா ஆன்னா, வீட்டில் நான்னெர்ல் என அழைக்கப்பட்டவள், தம்பியினும் நான்கரை ஆண்டு மூத்தவள். எழுவரில் ஐவரைப் பறிகொடுத்த வீடு அது என்பதை நாம் மறத்தலாகாது. அத்தகைய பெற்றோரே எஞ்சிய இருவரையும் வண்டியில் ஏற்றினர்.

தந்தையார் முதலிற் கற்பித்தது மகளுக்கே. அவளுக்கென அவர் ஒரு பயிற்சிக் குறிப்பேடு எழுதிவைத்தார். அக்கை வாசிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்ட குழந்தை தானும் விசைப்பலகையில் விரல் வைக்கலாயிற்று. ஐந்தாம் பிறந்தநாளுக்கு முதல்நாள் இரவு ஒன்பதரை மணியளவில் அரைமணி நேரத்தில் ஒரு பாடத்தை அவன் கற்றுமுடித்தான் என்று தந்தையார் அக்குறிப்பேட்டிலேயே நாளும் நேரமும் இட்டு எழுதியுள்ளார். அக்கையின் ஏட்டில் தம்பியின் புகழ் எழுதப்பட்டவாறு இது.

1762 தையில் முதற் பயணம். அயலிலுள்ள மியூனிக் நகரில் மூன்று வாரம் தங்கிப் பவேரிய மன்னர்முன் பிள்ளைகள் இருவரும் வாசித்தனர். அவ்வாண்டு புரட்டாதியில் இரண்டாம் பயணம். தன்யூப் நதிவழியே ஓடத்திற் சென்று வியன்னாவை அடைந்தார்கள். வியன்னாச் சுங்கச் சாவடியிற் பொதிகளைச் சோதிக்க வந்த உத்தியோகத்தருக்குச் சிறுவன் தன் சிறு வயலினில் ஒரு துண்டு வாசித்துக் காட்டினான். பொதிகள் அவிழ்க்கப்படாமலே விடப்பட்டன. ஐப்பசி 13 இல் ஷோன்புறூன் அரண்மனையிற் பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில் வாசித்தார்கள். ஆறு வயதுக் குழந்தை தாவிப் பேரரசியின் மடியிலேறிக் கழுத்தைக் கட்டி முத்தமிட்டது. தந்தையார் சால்ஸ்பேர்க்கிலுள்ள தம் வீட்டுக்காரரான ஹாகெனவர் என்ற வணிகருக்கு எழுதிய கடிதத்தில் இது உளது. பேரரசியின் பிள்ளைகளுக்காகத் தைக்கப்பட்ட பட்டாடைகளும் நூறு பொற்காசும் பரிசாக வந்தன.

அடுத்த வாரமே குழந்தை நோயுற்றது. காலிற் சிவந்த கட்டிகள், காய்ச்சல். நோயினால் வரவேண்டிய வருவாய் இத்துணை குறைந்தது எனத் தந்தையார் அதே ஹாகெனவருக்குக் கணக்கெழுதுகின்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று கூற நான் துணியேன். அவ்வரிகளுக்கு அருகிலேயே குழந்தை உயிர்தப்பியதற்காக ஊர்க்கோயிலிற் பூசை செய்விக்குமாறும் வேண்டுகின்றார். அன்பும் கணக்கும் ஒரே தாளில் ஒரே மையால் எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளை வளர்த்தோர் இதனை உணர்வர்.

குளிர்காலத்தில் அங்கேரி நாட்டுப் பிரெஸ்பேர்க் நகருக்கும் போய், 1763 தையில் ஊர் திரும்பினர். ஐந்து மாதமே வீட்டில் இருந்தனர். ஆனி 9 இற் பெரும் பயணம் தொடங்கிற்று. தந்தை, தாய், பிள்ளைகள் இருவர், ஏவலாளன் ஒருவன் ஆக ஐவர். அன்றே வண்டிச் சில்லு உடைந்தது. வசர்பேர்க் என்னும் சிற்றூரில் அதைத் திருத்தும்வரை வேறு வேலையில்லாமையால் தந்தையார் சிறுவனைக் கோயிலுக்கு அழைத்துச்சென்று ஓர்கன் வாத்தியத்தின் கால்மிதிகளைக் காட்டினார். அவன் ஆசனத்தைத் தள்ளிவிட்டு நின்றபடியே கைகளாலும் கால்களாலும் வாசித்தான். பன்னாட் பழகியவன்போல் இருந்ததாம்.

பிராங்போட் நகரிற் பதினான்கு வயதுச் சிறுவர் ஒருவர் இக்கச்சேரியைக் கேட்டார். தலையிற் பொய்ம்முடியும் இடையில் வாளும் அணிந்திருந்த அச்சிறுமனிதனைத் தமது முதுமையிலும் அவர் நினைவுகூர்ந்தார். அவரே பிற்காலத்துக் கவிஞர் கேத்தே. ஆகன் நகரிற் பிரசிய மன்னரின் தங்கையார் குழந்தையை முத்தங்களால் நனைத்தார், காசு கொடுத்திலர். முத்தங்களைச் சத்திரக்காரன் ஏற்கமாட்டானே என்று லியோப்போல்ட் நொந்தெழுதிய இடத்தைப் படிப்போர் சிரியாதிரார். பிறசெல்சு நகரிலும் ஆள்வோரின் அனுமதிக்காக வாரக்கணக்கிற் காத்திருந்தனர். குடும்பப் பயணமென்பது பெரும்பாலும் காத்திருத்தலே.

கார்த்திகையிற் பாரிசு நகரை அடைந்தனர். 1764 ஆம் ஆண்டுப் பிறப்பன்று வெர்சாய் அரண்மனையிற் பிரெஞ்சு மன்னர் விருந்துண்ணும் மேசையருகே நிற்கும் பேறு கிடைத்தது. போலந்திற் பிறந்த அரசியார் ஜெர்மன் மொழி அறிந்தவராதலின், பக்கத்தில் நின்ற சிறுவனோடு அம்மொழியிற் பேசி, மேசையிலிருந்த உணவையும் எடுத்து ஊட்டினார். அவ்வாண்டிலேயே எட்டு வயதுப் பாலன் இயற்றிய இசைப்பாக்கள் பாரிசில் அச்சாயின.

சித்திரையிற் கடல்கடந்து இலண்டன் சேர்ந்து அங்கே பதினைந்து மாதம் இருந்தனர். வந்து நாலாம் நாளில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அழைத்தார். ஒரு வாரத்தின் பின்னர்ப் பூங்காவொன்றில் அவர்கள் உலாவுகையில், அவ்வழி வந்த மன்னர் தம் வண்டியின் யன்னலைத் திறந்து தலையசைத்துச் சென்றார். இங்கேதான் நான் முன்னர்க் கூறிய செய்தியும் வருகின்றது. பத்திரிகை விளம்பரங்களில் மகனுக்கு ஏழு வயதென்றும் மகளுக்குப் பதினொன்றென்றும் அச்சிடப்பட்டது. உண்மையில் எட்டும் பன்னிரண்டும். டெயின்ஸ் பாரிங்டன் என்னும் அறிஞர் 1765 இல் வீட்டுக்கு வந்து சிறுவனைச் சோதித்தார். முன்பின் அறியாத இசைத்தாளைக் கண்டவுடன் வாசிக்கச் செய்தார். காதற்பாட்டும் சினப்பாட்டும் அவ்விடத்திலேயே புனையச் செய்தார். சோதனை நடக்கையில் ஒரு பூனை உள்ளே வந்தது. உடனே வாத்தியத்தை விட்டிறங்கிய சிறுவனை மீட்டும் இருத்துதற்கு நெடுநேரம் சென்றது. பின்னர் ஒரு தடியைக் குதிரையாக்கி அறையெங்கும் ஓடினான். இவ்வளவு கண்டும் பாரிங்டன் ஐயம் நீங்காதவராய்ச் சால்ஸ்பேர்க்கிலிருந்து பிறப்புப் பதிவை வரவழைத்துப் பார்த்த பின்னரே இறோயல் சங்கத்துக்குத் தம் அறிக்கையை விடுத்தார். பிள்ளையின் வயதுக்குப் பதிவைவிடப் பூனையே தக்க சான்று என்பது என் துணிபு.

இலண்டனில் தந்தையார் கடும் நோய்வாய்ப்பட்டார். செல்சிப் பகுதியில் ஏழு வாரம் ஓய்வு. வீட்டில் எந்த வாத்தியமும் ஒலித்தலாகாது. கட்டளைக்கு வாசிக்கவேண்டாத அந்த ஏழு வாரத்திலேதான் சிறுவன் தன் முதல் சிம்பொனியை எழுதத் தலைப்பட்டான் என்பது நான்னெர்ல் தரும் செய்தி. பக்கத்திலிருந்து படியெடுத்தவள் அவளே. கொம்பு வாத்தியத்துக்குத் தக்க வேலை கொடுக்கத் தனக்கு நினைவூட்டுமாறு தம்பி கேட்டுக்கொண்டானாம்.

கடைசி மாதங்களில் நகரின் ஆர்வம் தணிந்தது. பிற்பாடு ஒரு தவறணையின் அறையில் நாள்தோறும் மூன்று மணிநேரம், ஆளுக்கு இரண்டரைச் சிலிங் கட்டணத்தில், விசைப்பலகையைத் துணியால் மூடிப் பிள்ளைகள் வாசித்துக் காட்டினர். அரசரின் மேசையிலிருந்து தவறணையின் மேசைக்கு வர ஒன்றரையாண்டே சென்றது.

1765 இல் ஒல்லாந்து இளவரசி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கி ஹேக் நகருக்குச் சென்றனர். நம் யாழ்ப்பாணத்தையும் அந்நாளில் ஒல்லாந்தரே ஆண்டனர் என்பதை இவ்விடத்து நினைத்துக்கொண்டேன். அங்கே நான்னெர்ல் நெருப்புக் காய்ச்சலில் வீழ்ந்தாள். ஐப்பசி 21 இல் அவளுக்கு இறுதிச் சடங்கும் செய்யப்பட்டது. பெற்றோர் இருவரும் கட்டிலருகே இருந்து, இவ்வுலகின் நிலையாமையையும் குழந்தைப் பருவத்தில் இறத்தலின் பேற்றையும் சொல்லிச் சொல்லி மகளை மரணத்துக்கு ஆயத்தஞ் செய்தனர். அதே நேரத்தில் அடுத்த அறையிற் சிறுவன் வாத்தியத்தோடு விளையாடிக்கொண்டிருந்தான். தந்தையாரின் கடிதங்களுள் நான் மேற்செல்ல இயலாது மூடிவைத்தது இஃதொன்றே. அவள் பிழைத்தாள். அடுத்த மாதம் தம்பி வீழ்ந்தான். இரண்டு மாதம் எலும்பும் தோலுமாய்க் கிடந்து அவனும் பிழைத்தான்.

மறுபடியும் பாரிசு, பின்னர்ச் சுவிற்சர்லாந்து, மியூனிக் என்று சுற்றி, 1766 கார்த்திகை 29 இல் வீடு சேர்ந்தனர். மூன்று ஆண்டும் ஐந்து மாதமும் இருபது நாளும் ஆயின. ஏழு வயதிற் புறப்பட்ட மகனுக்கு வயது பத்து நிரம்பியிருந்தது. ஓராண்டு கழியுமுன் மீண்டும் வியன்னா. அங்கே வைசூரி பரவியிருந்தது. மொறாவியா நாட்டுக்கு ஓடியும் நோய் பின்தொடர்ந்தது. ஒல்மூட்ஸ் நகரில் ஒன்பது நாள் சிறுவனுக்குக் கண் தெரியவில்லை. நோயாளரைக் கண்டு யாவரும் அஞ்சிய வேளையில், தம் மாளிகையிற் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட பொட்ஸ்டாட்ஸ்கிப் பிரபுவின் பெயரை நன்றியோடு சொல்லவேண்டும்.

1769 மார்கழியில் தந்தையார் இத்தாலிக்குப் புறப்பட்டபோது மகனை மாத்திரமே அழைத்துச் சென்றார். நான்னெர்லுக்கு வயது பதினெட்டு. அற்புதக் குழந்தையாகக் காட்டும் பருவம் கடந்துவிட்டது. தாயும் மகளும் வீட்டில் நின்றனர். இத்தாலியில் வொல்ப்காங் பாப்பரசரிடம் விருதுபெற்றதும், பதினான்கு வயதில் மிலான் நகருக்கு நாடக இசை அமைத்ததும் நாடறிந்தவை. தமக்கை தான் இயற்றிய பாட்டொன்றை அவனுக்கு அனுப்பினாள். அதைக் கண்டு வியந்து, இன்னும் எழுதும்படி அவன் மறுமொழி விடுத்தான். அவள் இயற்றியவற்றுள் ஒன்றேனும் இன்று கிடைத்திலது.

இவ்விடத்தை நடுவுநிலையோடு எழுத என்னால் இயலாது. எனக்கும் ஒரு தமக்கையார் இருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் தந்தையாரிடம் இருவரும் ஒருங்கிருந்து நன்னூல் பாடங்கேட்டோம். நான் இரண்டாம் முறை தடுமாறும் சூத்திரத்தை அவர் முதன்முறையே ஒப்புவிப்பார். நான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டேன். அவர் அடுக்களைக்கு அனுப்பப்பட்டார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் குறைகூறியதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்னெர்ல் அம்மையார் 1784 இல், மனைவியரை இழந்து ஐந்து பிள்ளைகளோடிருந்த உத்தியோகத்தர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தம் தாயார் பிறந்த ஏரிக்கரையூரான சங்கற் கில்கனுக்குச் சென்றார். ஐரோப்பாவின் அரசவைகளைக் கண்டவர், தாயார் பிறந்த அதே வீட்டிற்குக் குடிபோனார். தந்தையார் 1787 இலும், தம்பியார் முப்பத்தைந்தே வயதில் 1791 இலும் மறைந்தனர். கணவர் காலமானபின் அம்மையார் சால்ஸ்பேர்க்குக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்பித்துவந்தார். இறுதியிற் கண்பார்வை இழந்து 1829 இல் மறைந்தார்.

தம்பியாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அம்மையாரிடமே இளமைச் செய்திகளைக் கேட்டனர். அவர் எழுதியனுப்பிய குறிப்புகள் 1800 இல் ஓர் இசையிதழில் வெளிவந்தன. அவற்றுள் அரசரும் அரசியரும் உளர். ஆயினும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. நெடுவழியில் வண்டி உருண்டு செல்கையிற் பொழுதுபோகாத பிள்ளைகள் ஒரு நாட்டைக் கற்பனை செய்தனர். அந்நாட்டுக்குப் பின்புற இராச்சியம் எனப் பெயர் வைத்தனர். அதன் குடிகள் எல்லாரும் குழந்தைகள், அரசன் வொல்ப்காங். அங்குள்ள ஊர்களுக்கெல்லாம் அவன் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, உடன்வந்த ஏவலாளன் அதற்கொரு படமும் வரைந்து கொடுத்தான்.