காட்டு மாட்டைத் திரும்ப உருவாக்க முயன்றவர்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள ஹெல்லாபிரன் விலங்குப் பூங்காவை 1928 முதல் 1969 வரை நடத்தியவர் ஹெயின்ஸ் ஹெக். பிறந்தது 1894-ல். தந்தை லுட்விக் ஹெக், பெர்லின் உயிரியல் பூங்காவின் இயக்குநர். அண்ணன் லுட்ஸ் பின்னாளில் அதே பதவிக்கு வந்தவர். நாஜி ஆட்சியோடு நெருக்கமாக இருந்தவர்.

அண்ணன், தம்பி இருவரையும் ஆட்டிவைத்தது ஓர் ஆசை. ஐரோப்பாவின் ஆரோக்ஸ் என்ற காட்டு மாடு 1627-ல் போலந்தில் அடியோடு அழிந்துபோனது. அதை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதே அது. (ஆரோக்ஸின் இந்தியக் கிளையிலிருந்து வந்தவைதான் நம் திமில் மாடுகள்.)

ஹெக்கின் கணக்கு எளிமையானது. காட்டு மாட்டின் குணங்கள் வீட்டு மாடுகளிடம் சிதறிக் கிடக்கின்றன, அவற்றைக் கலந்து சேர்த்தால் பழைய மாடு கிடைத்துவிடும் என்று நம்பினார். ஸ்காட்லாந்து மலை மாடு, ஹங்கேரி சாம்பல் மாடு, கார்சிகா தீவின் மாடு, பவேரியாவின் முர்னாவ்-வெர்டன்ஃபெல்ஸ் எனப் பல இனங்களைக் கலந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெற்றி என்று அறிவித்தும் விட்டார்.

வெற்றி இல்லை. காளைக்குக் கருநிறம் வந்தது, முதுகில் வெளிர்க் கோடு வந்தது, கொம்பும் ஓரளவு வந்தது. உயரம் வரவில்லை. ஆரோக்ஸ் காளை தோள் வரை ஏறக்குறைய ஆறடி. ஹெக்கின் மாடுகள் அதை நெருங்கவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த குணத்தைத்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது. உயரம், உடல்கட்டு, குளிரையும் பசியையும் தாங்கும் திறன் எல்லாம் பல மரபணுக்கள் சேர்ந்து தருபவை. பயிர் ஆராய்ச்சியில் இருக்கும் எங்களுக்கும் இது தெரிந்த கதைதான். தொலைந்த நாட்டு நெல்லை வேறு நெல்களைக் கலந்து திரும்பக் கொண்டுவர முடிவதில்லை.

அழிந்துபோன டார்பன் காட்டுக் குதிரைக்கும் இதே வழியில் முயன்றார். 1933-ல் முதல் குட்டி பிறந்தது. அழகான சாம்பல் குதிரை. ஆனால் டார்பன் அல்ல.

அவர் உண்மையில் ஜெயித்தது வேறொன்றில். மங்கோலியப் புல்வெளியின் பிரஷெவால்ஸ்கி காட்டுக் குதிரைகளை அதே பூங்காவில் தூய மந்தையாகத் தனியே காத்துவந்தார். உலகப்போர் முடிந்த 1945-ல் காப்பிடங்களில் மிஞ்சிய குதிரைகள் 31 மட்டுமே. அவற்றில் இனப்பெருக்கம் தொடர்ந்த மந்தைகள் இரண்டே: ஒன்று மியூனிக்கில், மற்றொன்று செக் நாட்டின் பிராகாவில். 1960-களின் இறுதிக்குப் பிறகு மங்கோலியக் காட்டிலும் அவற்றைக் காண முடியவில்லை. இன்று உள்ள குதிரைகள் அனைத்தும் சுமார் ஒரு டஜன் மூதாதைகளின் வழி வந்தவை. உறவுக் கலப்பால் இனம் நலிந்துவிடாமல் இருக்க, எந்தப் பொலிகுதிரை எந்தப் பெட்டைக்கு என்பதை வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்தே பூங்காக்கள் முடிவு செய்கின்றன. நம் ஊரில் ஒரே பொலிகாளையை வருடக்கணக்கில் மந்தையில் விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹெக் 1982-ல் மறைந்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1992-ல், அந்தக் குதிரைகள் மங்கோலியாவுக்குத் திரும்பின. அவருடைய மாடுகள் ஐரோப்பாவின் சில மேய்ச்சல் நிலங்களில் ஹெக் மாடு என்ற பெயரில் மேய்கின்றன. கலப்புக்குக் கொடுத்த முர்னாவ்-வெர்டன்ஃபெல்ஸ் மாடோ இப்போது பவேரியாவிலேயே அரிய இனமாகிவிட்டது.