ஸ்டூடியோவிலிருந்து வந்த வீணை

உறுவையாற்றிலே ஏர் பிடித்துக் களைத்த தோழனும், மில் வேலை முடிந்து வில்லியனூர் திரும்பும் தோழனும் வானொலியிலே கேட்க விரும்பியது எதை? சினிமாப் பாட்டை! அது இசையே அல்ல என்று முகஞ்சுளித்தனர் சில மேதாவிகள். 1952-ல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியிலே அந்தப் பாட்டை ஒடுக்கினார். மக்கள் என்ன செய்தனர்? முள்ளைத் திருப்பினர், இலங்கை வானொலி பாடிற்று!

அதே 1952-ல், ரவிசங்கரைக் கொண்டு டில்லி வானொலி அமைத்ததுதான் வாத்திய விருந்தா எனும் தேசிய வாத்தியக் குழு. பின்னாளில் அதை நடத்திய ஒருவரை இன்று நாம் நினைவுகூர்கிறோம். அவர்தான் வீணை மேதை ஈமனி சங்கர சாஸ்திரி.

1922-ல் ஆந்திரத்துத் திராட்சாராமத்திலே பிறந்தார். வீணை வித்துவானான தந்தை அச்சுதராம சாஸ்திரியே குரு. கற்றதோ சாஸ்திரீய சங்கீதம். பணி செய்ய வந்ததோ சென்னை ஜெமினி ஸ்டூடியோ! 1951-ல் வந்த சம்சாரம், மங்களா படங்களின் இசையிலே அவருக்கும் பங்குண்டு. பாமரனுக்காக மெட்டமைப்பதை அவர் இழிவென்று எண்ணவில்லை.

பிறகு வானொலி அழைத்தது. டில்லி சென்றார். கச்சேரியிலே வித்துவான் தன் கற்பனைப்படி வாசிக்கலாம்; குழுவிலே அது நடவாது. வீணையும் சித்தாரும், மிருதங்கமும் தபலாவும், தெற்கும் வடக்கும் எழுதிய ஸ்வரப்படி ஒன்றாக ஒலிக்க வேண்டும். தறியிலே ஓர் இழை அறுந்தாலும் துணி கெடும் என்பதை நம் மில் தோழர்கள் அறிவார்கள். ராகமும் நாட்டுப்புற மெட்டும் அந்தக் குழுவிலே ஒரே பாயில் அமர்ந்தன.

சினிமாவை வாசலிலே நிறுத்திய வானொலி, சினிமா ஸ்டூடியோவிலே உழைத்தவரிடமே தன் தேசியக் குழுவை ஒப்படைத்தது! அதற்கு முன்பே, 1957-ல், விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டையும் திரும்ப அழைத்துக்கொண்டது. மக்கள் திருப்பிய முள்ளின் வலிமையைப் பார்த்தீர்களா?

அவருடைய மாணவர் சிட்டிபாபுவும் கச்சேரி மேடையோடு நிற்கவில்லை. 1964-ல் வந்த கலைக்கோயில் படத்திலே ஒலித்த வீணை அவருடையதே. குருவுக்கு 1974-ல் பத்மஸ்ரீ வந்தது. 1987-ல் அவர் மறைந்தார்.

தோழர்களே! இசையிலே உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி இல்லை. உழைத்தவன் களைப்பாறக் கேட்கும் பாட்டைத் தாழ்ந்தது என்போருக்கு நாம் நீண்ட மறுப்பு எழுத வேண்டியதில்லை. சங்கர சாஸ்திரியின் வாழ்க்கையைக் காட்டினால் போதும்!