லாரன்ஸும் அவர் பைக்கும்

பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பவரா நீங்கள்? ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படம் ஒரு பைக் விபத்தில்தான் தொடங்கும், நினைவிருக்கிறதா?

முதல் உலகப் போரில் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், பிறகு பெயரை மாற்றிக்கொண்டு பிரிட்டிஷ் விமானப்படையில் சாதாரண ஆளாகச் சேர்ந்தார். ஓய்வு கிடைத்தால் ‘ப்ரஃப் சுபீரியர்’ பைக்தான். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தார்! கிரான்வெல் முகாமிலிருந்து லிங்கனுக்குப் பறந்துபோய் முட்டையும் இறைச்சியும் வாங்கி வருவார்.

1935 மே 13 அன்று போனது பக்கத்துத் தபால் நிலையத்துக்குத்தான். திரும்பும்போது, சைக்கிளில் போன இரு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். ஹெல்மெட் இல்லை. மே 19-ல் இறந்தார்; வயது 46.

அவரைப் பார்த்த மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் ராணுவ பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். 1941-ல் பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.