சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், பள்ளியில் மலையாளம் கற்றவர். திருவிதாங்கூர் ஆட்சிக் காலம் அது. தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியே பயின்று, பிற்காலத்தில் சீறாப்புராணத்திற்கு உரை கண்டார்.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒருவர் வெண்பா கேட்பார். ஒருபுறம் மணி ஒலிக்கும். முதுகில் விழும் கற்களையும் எண்ணிவர வேண்டும். கையில் ஏடு இராது. இடையில் விட்டதை நெஞ்சிலிருந்தே மீட்டெடுக்க வேண்டும். பிறவி வரம் மட்டுமே என இதனை ஒதுக்குவதற்கில்லை. ஹிஃப்ளு மாணவர் பழைய பாடத்தை நாள்தோறும் பாராது ஓதிக்காட்டுவதும் இத்தகைய பயிற்சியே. நம் காரைக்கால் கல்லூரிப் பிள்ளைகளோ, தேர்வுக்கு முந்தைய இரவில் குறிப்பேட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். ஏட்டை மூடி ஒருமுறை சொல்லிப் பார்ப்போர் சிலரே.

பாவலர் 1950-இல் மறைந்தார். இடலாக்குடி அரசுப் பள்ளி அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.