பழி சுமந்த பேரறிஞர் ஹவ்கின்

பிணி தீர்த்து மக்களைக் காத்த பெரியார் பலரை உலகம் புகழ்ந்து போற்றியிருக்கின்றது. காக்கச் சென்ற இடத்திலேயே கொலைப்பழி சுமந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் வல்டெமார் ஹவ்கின். வாந்திபேதிக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்ட இப்பெருமகனாரின் வாழ்வை நிலைகுலையச் செய்தது, நம் நாட்டார் நன்கறிந்த ஏற்புவலி நோயாகும்.

ஹவ்கின் 1860ஆம் ஆண்டு கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் மெச்னிக்கொவ் என்னும் பேராசிரியரிடம் உயிரியல் பயின்றார். யூதர்மீது வன்செயல் மூண்ட காலத்தில் அவர்களைக் காக்க முன்னின்று காயமுற்றுச் சிறையும் புகுந்தார். மதம் மாறினால் உயர்பதவி கிட்டும் என்ற நிலையிலும் தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர். பின்னர் பாரிசு சென்று, லூயி பாஸ்ரர் நிறுவிய ஆய்வு நிலையத்தில் நூலகப் பணியாளராய் அமர்ந்து, ஓய்வு நேரங்களில் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். வாந்திபேதித் தடுப்பு மருந்தை ஆக்கியதும், 1892 யூலை 18ஆந் தேதி அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். ஊர் ஊராய்ச் சென்று நாற்பதினாயிரம் பேருக்கு மேல் ஊசி ஏற்றினார். 1896இல் பம்பாயில் பிளேக்கு நோய் தோன்றியபோது அரசாங்கம் அவரை அங்கு அழைத்தது. மருத்துவக் கல்லூரியொன்றின் சிற்றறையில், ஓர் எழுதுவினைஞரையும் மூன்று ஏவலரையும் துணையாகக் கொண்டு, சில திங்களுள் அதற்கும் தடுப்பு மருந்து கண்டார். 1897 சனவரி 10ஆந் தேதி, முன்போலவே தம் உடலிற்றான் முதலூசியை ஏற்றிக்கொண்டார்.

இனி ஏற்புவலியைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். இந்நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணிலும் மாட்டெரு, குதிரைச் சாணம் ஆகியவற்றிலும் நெடுங்காலம் அழியாது கிடப்பன. காற்றுப் படாத ஆழ்ந்த புண்ணுட் புகுந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு நரம்புகளைப் பற்றவே தாடை இறுகும். உடல் வில்லாய் வளையும். பனங்கருக்குக் கீறுவதும் முள் தைப்பதும் அன்றாட நிகழ்ச்சியாயுள்ள அனலைதீவு போன்ற இடங்களில், பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்தே செல்லவேண்டியிருத்தலின், இந்நோயின் அச்சம் எத்தகையதென விளக்கவேண்டுவதில்லை. 1889இல் யப்பானிய அறிஞர் கிற்றசாற்றோ இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். மறு ஆண்டில் அவரும் பேரிங் என்னும் செருமானிய அறிஞரும், இந்நஞ்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் குருதிநீர் நஞ்சை முறிக்கும் எனக் காட்டினர். ஆயின் நரம்பைப் பற்றிவிட்ட நஞ்சை அம்மருந்து விடுவிக்காது. முந்திக்கொண்டால் மட்டுமே பயன் உண்டு.

1902 ஒக்ரோபர் 30ஆந் தேதி பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னுஞ் சிற்றூரில் 107 பேர் பிளேக்குத் தடுப்பூசி பெற்றனர். அவருள் ஒரே புட்டியின் மருந்தை ஏற்ற 19 பேர் ஏற்புவலி கண்டு மாண்டனர். நாடு திகைத்தது. காபோலிக்கமிலஞ் சேர்க்காது வெப்பத்தினால் மருந்தைத் தூய்தாக்கும் முறையை ஹவ்கின் கைக்கொண்டிருந்தார். பாஸ்ரர் நிலையத்திற் பலகாலம் வழங்கிய முறையே அது. எனினும் விசாரணைக் குழுவினர் குற்றம் ஆய்வுகூடத்தினதே எனத் துணிந்தனர். பொறுப்பிழந்த ஹவ்கின் 1904இல் இந்தியாவை விட்டகன்றார்.

உண்மை ஒரு சிறு நிகழ்ச்சியில் மறைந்து கிடந்தது. அப்புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி நிலத்தில் விழுந்தது. செவ்வனே தூய்தாக்கப்படாமலே அது மீண்டும் பயன்பட்டது. கிருமி ஆய்வுகூடத்திலேயே புகுந்திருப்பின், வாரக்கணக்கில் அடைபட்டு வளர்ந்த மருந்து திறக்கும்போதே தீநாற்றம் வீசியிருக்கும். அத்தகைய நாற்றம் எதுவும் இருக்கவில்லை. மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற றொனால்ட் றொஸ் முதலிய அறிஞர் பதின்மர் இவற்றை எடுத்துக்காட்டி, 1907 யூலையில் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினர். அவ்வாண்டின் இறுதியில் அரசாங்கம் ஹவ்கின்மீதிருந்த பழியை நீக்கியது. ஐந்தாண்டு கழிந்தே நீதி கிடைத்தது. மீண்டும் இந்தியா வந்து கல்கத்தாவிற் பணியாற்றினாரேனும், பழைய தலைமைப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. ஓய்வுபெற்றபின் ஐரோப்பாவில் வாழ்ந்து, 1930 ஒக்ரோபர் 26ஆந் தேதி சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிற் காலமானார்.

அவர் பம்பாயில் நிறுவிய ஆய்வுகூடம் 1925இல் ஹவ்கின் நிலையம் எனப் பெயர்பெற்றது. எந்த நோயினால் அவர் பழி சுமந்தாரோ, அந்த ஏற்புவலிக்கான மருந்துகளும் பிற்காலத்தில் அந்நிலையத்திலேயே ஆக்கப்பட்டன. 1920ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர் றமொன், ஏற்புவலி நஞ்சைக் கொடுமை நீக்கித் தடுப்பூசியாக்கும் வழியைக் கண்டார். நம் நாட்டில் 1961 முதல், தொண்டைக் கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசி குழந்தைகளுக்கு வழங்கலாயிற்று. 1969 முதல் கருவுற்ற தாய்மாரும் ஏற்பூசி பெறலாயினர். இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் முழுவதிலும் தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் வரும் ஏற்புவலி கட்டுப்படுத்தப்பட்டுவிட்டதென உலக சுகாதார தாபனம் 2016இல் அறிவித்தது.

ஆயினும் கிருமி மண்ணைவிட்டு நீங்கவில்லை, நீங்கவும் மாட்டாது. இந்நோய் ஒருமுறை வந்து தீர்ந்தவரையும் மீண்டும் பற்றவல்லது. ஆதலின் உரிய காலத்து ஊசியும், காயம்பட்டவுடன் கழுவித் தூய்தாக்கி மருத்துவரை நாடுதலுமே நமக்குக் காப்பு. விஞ்ஞானம் பயிலும் எம் மாணவர் ஹவ்கினின் வரலாற்றிற் கற்கத்தக்கவை இரண்டு. ஆய்வுகூடத்தில் ஓர் இடுக்கியைத் தூய்தாக்குதலும் உயிர் காக்கும் பணியே என்பது ஒன்று. பழி வந்துற்ற காலத்தும் சான்றுகளைத் தேடி வாய்மைக்கு வாதாடுதல் கற்றோர் கடன் என்பது மற்றொன்று.