திலகவதியார் வேண்டுதலும் நாவரசர் பெற்ற அழைப்பும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, குறுக்கையர் குடியிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் திலகவதியார், மருணீக்கியார் என இருவர் மக்களாகத் தோன்றினர். புகழனார் மறைய, மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். திலகவதியாரை மணம் பேசியிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போரிலே மாண்டார். தாமும் இறக்கத் துணிந்த அம்மையார், தம்பியார் அழுது வேண்டவே உயிர் தாங்கினார்.

மருணீக்கியார் இளமையிலேயே நிலையாமையை உணர்ந்தவர். தண்ணீர்ப்பந்தரும் அறச்சாலையும் அமைத்தார். அவற்றாலும் உள்ளம் அமைதியுறவில்லை. மெய்ந்நெறி யாதென ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்தார். அந்நூல்களில் வல்லுநராகித் தருமசேனர் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார். அவர் தேடியது புகழன்று, மெய்ம்மையே. தேட்டம் உண்மையாக இருந்தமையால், தேடியவரை இறைவன் கைவிட்டிலன்.

தமக்கையாரோ கெடிலத்தின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் வைகறையில் திருவலகிட்டும், திருமெழுக்கிட்டும், மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தியும் திருத்தொண்டு புரிந்தார். தம்பியாரோடு வாதிட அவர் செல்லவில்லை. அவரை ஆட்கொள்ளவேண்டுமென இறைவனிடமே பலகால் விண்ணப்பித்தார். பெருமான் கனவிலே தோன்றி, சூலைநோய் தந்து ஆட்கொள்வதாக அருளினான். தம்பியின் நலம் வேண்டியவர்க்குத் தம்பியின் நோயே விடையாகக் கிடைத்தது. வேண்டுவது அடியார் செயல். வழியை வகுப்பது ஆண்டவன் செயல் என்று அவ்வன்னை அமைந்தார்.

சூலை தருமசேனரின் வயிற்றைப் பற்றியது. மந்திரமும் மருந்தும் பயன்படவில்லை. அவர் சமையற்காரனைத் தமக்கையார்பால் விடுத்து அழைத்தார். பெற்ற தாய்போல் வளர்த்தவர், உயிர் போகும் துன்பத்தில் தம்பி அழைத்தும், அப்பள்ளிக்கு வர மறுத்தார். அம்மறுப்பு வன்மையன்று. நோயின் வழியே வந்த அழைப்புக்கு மருணீக்கியாரே எழுந்து வருதல் வேண்டும். அவர்க்காக மற்றொருவர் நடந்துவிட இயலாது.

செய்தி கேட்டவர் தளர்ந்தார், பின்னர்த் தெளிந்தார். பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் களைந்து, வெண்துகில் உடுத்து, இரவிலே திருவதிகை சேர்ந்து தமக்கையார் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். விடியுமுன்னரே அலகும் மெழுகுதற்குரிய சாணமும் தோண்டியும் கொண்டு, தம்பியாரையும் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சந்நிதியில் நின்றவர்க்குப் பதிகம் பாடும் உணர்வு உதித்தது. பாடினார், நோய் நீங்கியது, நாவுக்கரசு என்னும் பெயரும் திருவருளால் கிடைத்தது.

பல்லவ மன்னன் சுண்ணாம்பறையில் இட்டும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கல்லிற் பிணித்துக் கடலிற் தள்ளியும் அவ்வன்பை மாற்ற முடியவில்லை. 7ஆம் நூற்றாண்டிலே, ஊர்தோறும் நடந்து பாடிய அவர் பதிகங்களுள் இன்று கிடைப்பன 312. அவை 4, 5, 6ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன. ஆயினும் பாடியதோடு அவர் அமையவில்லை. உழவாரப்படை ஏந்தித் திருவீதிகளிற் புல் செதுக்கினார். தமக்கையார் ஏந்திய அலகே தம்பியார் கையில் உழவாரமாயிற்று. 81 ஆண்டு வாழ்ந்து, திருப்புகலூரிலே சித்திரைச் சதயத்தில் இறைவன் திருவடியிற் கலந்தார்.

இறைவன் அழைப்பு இன்பமாகவே வரும் என்பதில்லை, துன்பமாகவும் வரும். அதனை அழைப்பென்று அறிவிப்பது இடையறாத வழிபாடு. அதற்குரிய மறுமொழி கைத்தொண்டு. குடமுழுக்குக் கண்டு மகிழும் அன்பர்கள், மறுநாள் வைகறையில் அலகேந்தி அத்திருக்கோயிலுக்கே வருவார்களாயின், திலகவதியார் வேண்டுதல் இன்றும் பயன் தருவதாகும்.